நரம்புக் கட்டிக்கு ஆபரேஷன், கூடவே ரெய்கி: எங்கே சறுக்குகிறோம்?

மாயவரம் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு வலது காது மந்தமானது. போனை இடது காதுக்கு மாற்றிக்கொண்டார். வயசுதான் என்று விட்டுவிட்டோம். அப்புறம் வரப்பில் நடக்கும்போது தள்ளாட்டம். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் காது நரம்பில் கட்டி. வெஸ்டிபுலார் ஷ்வானோமா என்று பெயர். புற்றுநோய் இல்லை. ஆனால் முக நரம்பை ஒட்டி, மூளைத்தண்டின் பக்கம் வளரக்கூடியது.

ஆபரேஷன் பேச்சு வந்ததுமே உறவுக்காரர் ஒருவர் ரெய்கி செய்பவரைக் கூட்டி வந்தார். கைவைத்து உடம்பின் ‘சக்தி’யைச் சரிசெய்வதாகச் சொல்லும் முறை அது. எனக்கு அதில் குறையில்லை. அரைமணி நேரம் ஒருவர் அமைதியாகக் கைவைத்து உட்கார்ந்தால் பயம் தணியும், தூக்கம் வரும். கட்டி கரையும் என்பதற்குத்தான் ஆதாரமில்லை. ரெய்கிக்கு நெருங்கிய ஒரு முறையை அமெரிக்காவில் சோதித்து 1998-ல் வெளியிட்டார்கள். அந்தச் சக்தியைக் கையால் உணர முடியும் என்கிற ஹீலர், தன் எந்தக் கைக்கு மேலே இன்னொருவர் கை இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல வேண்டும். 21 ஹீலர்கள், 280 தடவை. சரியாகச் சொன்னது 123. காசு சுண்டினாலே பாதி சரியாக வந்திருக்கும்.

நாங்கள் செய்த பெரிய தவறு வேறு. நாலைந்து தடவை ரெய்கி முடிந்ததும் தலைசுற்றல் குறைந்தது. “கட்டி சுருங்குது” என்று வீடே நம்பியது. கட்டி மெதுவாக வளரும்போது, அந்தப் பக்கத்துச் சமநிலை நரம்பு பழுதானாலும் மூளை மறுபக்கத்தை வைத்துச் சமாளிக்கப் பழகிவிடும். தலைசுற்றல் குறைந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஆறு மாதம் கழித்து ஸ்கேனில் அதே அளவு இருந்தாலும் ஹீலிங் கணக்கில் எழுத முடியாது. பல கட்டிகள் வருஷக்கணக்கில் சும்மாவே இருக்கும். வளர்பவையும் பெரும்பாலும் வருஷத்துக்கு 1–2 மி.மீ.தான்.

“சம்பா அறுவடை முடியட்டும்” என்று தள்ளிப்போடுவதும் உண்டு. சின்னக் கட்டி என்றால் டாக்டரே காத்திருந்து பார்க்கலாம் என்பார். பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தினால் அந்தச் சலுகை கிடையாது. ஹீலர் சொல்லி நாள் தள்ளக் கூடாது.

கூடவே கொடுக்கும் பொடி, மாத்திரையை மறைப்பது இன்னொன்று. ஜின்கோ, பூண்டு, மஞ்சள் மாத்திரைகள் ரத்தப்போக்கைக் கூட்டலாம். மயக்க டாக்டரிடம் எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். ரசத்தில் தட்டிப்போடும் பூண்டைச் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடிந்தபின் தையல்மேல் எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். கழுத்தைப் பிடித்துவிடவும் வேண்டாம். கைவைப்பவர் தோளிலோ காலிலோ வைக்கட்டும். முக நரம்பு சோர்ந்து கண் மூடாவிட்டால் சொட்டு மருந்தும், இரவில் இமையை மூடி ஒட்டுவதும் விடக் கூடாது. கருவிழி காய்ந்து புண்ணாகிவிடும். குனிந்தால் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா? சளி என்று விடாதீர்கள், மூளைநீர் கசிவாக இருக்கலாம். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் ஹீலருக்குப் போன் போடாமல், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடியுங்கள்.