நாலு பேர் சேர்ந்து போட்டி போட்டுப் படிப்பது எப்படி? குரூப் 4 எழுதுவோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் எந்த நூலகத்துக்குப் போனாலும் குரூப் 4-க்கு (விஏஓ என்ற கிராம நிர்வாக அலுவலர், தட்டச்சர் போன்ற பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வு) படிக்கிற பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் எந்தப் புத்தகம் வைத்திருக்கிறார் என்று ஓரக்கண்ணால் பார்ப்பதும், தன் நோட்டை முழங்கையால் மறைப்பதும் அங்கே சகஜம். போட்டி உணர்வு கெட்டதல்ல, அது இல்லாமல் ஆறு மாதம் தொடர்ந்து படிப்பதுதான் கஷ்டம். ஆனால் மறைப்பதில் லாபமே இல்லை. மாநிலம் முழுக்கப் பத்து லட்சம் பேருக்கு மேல் எழுதும் தேர்வு இது. பக்கத்து நாற்காலிக்காரர் உங்கள் வேலையை எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. உங்கள் தப்பை உங்களுக்கு முன்னால் கண்டுபிடிக்கக்கூடிய ஆள் அவர்.

முதலில் ஆள் சேர்க்க வேண்டும். நாலு பேர் போதும். ஆறு பேரானால் பேச்சு கூடிவிடும், இரண்டே பேரானால் ஒருவர் வராத வாரம் எல்லாம் நின்றுவிடும். சேருவதற்கு முன் ஒவ்வொருவரும் தேர்வாணைய இணையதளத்தில் இருக்கும் பழைய வினாத்தாள் ஒன்றை வீட்டில் தனியாக, 3 மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்கட்டும். 200 கேள்வியில் எத்தனை சரி என்பதை மட்டும் சொன்னால் போதும். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில் 25 கேள்விக்குள் வித்தியாசம் இருந்தால் அந்தக் கூட்டு நிற்கும். அதற்கு மேல் போனால் பின்னால் இருப்பவர் மூன்றாம் வாரமே மனசு விட்டுவிடுவார், முன்னால் இருப்பவருக்கு அலுத்துவிடும். பர்மாவிலும் மலேயாவிலும் நடந்த நகரத்தார் கடைகளில் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலைப் பையன் தொழில் பழகியது தனக்கு மேல் படியில் இருந்த அடுத்தாளைப் பார்த்து. கடைப் பொறுப்பாளரான ஏஜெண்டின் இடம் அவனுக்கு வெகு தூரம். அது மாதிரி, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருப்பவரைப் போட்டியாளராக வைத்துக்கொள்ளுங்கள். யூடியூபில் பேட்டி கொடுக்கும் மாநில முதலிடத்தாரோடு ஒப்பிட்டால் சோர்வுதான் மிஞ்சும்.

வாரத் தேர்வுக்குக் கேள்வித்தாளை வெளியே வாங்க வேண்டாம், நீங்களே தயாரியுங்கள். ஆளுக்கு 25 கேள்வி. ஒருவர் தமிழ், ஒருவர் வரலாறும் அரசியலமைப்பும், ஒருவர் அறிவியலும் புவியியலும், ஒருவர் கணக்கு. மாதம் ஒருமுறை பாடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பள்ளிப் புத்தகத்தின் வகுப்பு, பாடம், பக்க எண் மூன்றும் விடைத்தாளில் இருக்க வேண்டும். சண்டை வந்தால் தீர்ப்பது புத்தகம்தான், உரத்த குரல் அல்ல. கேள்வி எடுப்பது வீண் வேலை என்று நினைக்காதீர்கள். சரியான விடை ஒன்றை எழுதுவது சுலபம். மற்றவர் தடுக்கி விழுகிற மாதிரி தவறான விடை மூன்று எழுதுவதற்குத்தான் பாடம் ஊறியிருக்க வேண்டும்.

தேர்வை ஞாயிறு காலை 9.30-க்கு வையுங்கள். அசல் தேர்வும் காலையில்தான், மூளைக்கு அந்த நேரம் பழக வேண்டும். வீட்டு முகப்புத் திண்ணை போதும், போன்கள் நாலும் உள்ளே பட்டாலையில் இருக்கட்டும். தான் எடுத்த 25-ஐ விட்டுவிட்டு மற்ற மூவரின் 75 கேள்விக்கு ஒவ்வொருவரும் விடை எழுதுவார்கள். அசலில் ஒரு கேள்விக்கு 54 விநாடிதான் கிடைக்கும். அந்தக் கணக்குப்படி 75-க்கு அறுபத்தேழரை நிமிடம் வருகிறது, நீங்கள் 65 வைத்துக்கொள்ளுங்கள். ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து, கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வட்டத்தை நிரப்புவதும் இந்த 65-க்குள் அடங்க வேண்டும். வட்டம் போடும் நேரத்தைச் சேர்க்காமல் பழகியவர்கள்தான் அசலில் கடைசி இருபது கேள்வியைத் தொலைக்கிறார்கள்.

எழுதும்போது ஒரு காரியம் கட்டாயம்: உறுதியில்லாமல் போட்ட விடைக்குப் பக்கத்தில், வினாத்தாளில் பென்சிலால் ஒரு புள்ளி. திருத்தும்போது இதன் அருமை தெரியும். புள்ளி வைத்துச் சரியானது அதிர்ஷ்டம், அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். புள்ளி வைத்துத் தவறானது தெரியாத பாடம், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. புள்ளியே வைக்காமல் தவறானதுதான் ஆபத்து. மருது சகோதரர்கள் எங்கே தூக்கிலிடப்பட்டார்கள் என்று கேட்டால் நம் பக்கத்துப் பிள்ளைகள் யோசிக்காமல் காளையார்கோவில் என்று போடுவார்கள், சமாதி அங்கே இருப்பதால். தூக்கிலிட்டது திருப்பத்தூரில், 1801 அக்டோபர் 24-இல். அதே வேகத்தில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட 1799 அக்டோபர் 16-ஐ இதோடு குழப்பிக்கொள்வார்கள். தெரியும் என்ற நினைப்பு இருக்கும்வரை யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. அதைச் சுட்டிக்காட்டத்தான் பக்கத்தில் மூன்று பேர் வேண்டும்.

அடுத்த 45 நிமிடம் பேச்சு. குறைவாக எடுத்தவர் முதலில் தன் தவறுகளைச் சொல்லட்டும், சரியாக எழுதியவர் விளக்கட்டும். பிறகு ஒவ்வொருவரும் தவறு நோட்டில் தேதி, தலைப்பு, காரணம் என்று மூன்று கட்டம் போட்டு எழுத வேண்டும். ‘கவனக்குறைவு’ என்று எழுதினால் அது காரணமே ஆகாது. ‘தவறானது எது’ என்பதைச் ‘சரியானது எது’ என்று படித்தேன், கூட்டு வட்டிக்குத் தனிவட்டி போட்டேன் என்று குறிப்பாக இருக்க வேண்டும். இதைச் செய்யாத வாரம் அந்தத் தேர்வே எழுதாததற்குச் சமம்.

மதிப்பெண் பட்டியலில் ரேங்க் போடாதீர்கள். போன வாரம் எத்தனை, இந்த வாரம் எத்தனை, புள்ளியில்லாத தவறு எத்தனை, இந்த மூன்று எண் போதும். அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பது கூடவே கூடாது. வீட்டுப் பெரியவர்கள் கண்ணில் பட்டால் ‘அத்தை மகனைப் பார்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். கட்-ஆஃப், அதாவது வேலை கிடைக்கத் தேவையான குறைந்தபட்ச மதிப்பெண், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் பிரிவு, பதவிக்குப் பதவி மாறும். தட்டச்சர் பணிக்குப் போகிறவரின் இலக்கும் விஏஓ பணிக்குப் போகிறவரின் இலக்கும் ஒன்றல்ல.

ஒருவர் மூன்று வாரம் தொடர்ந்து 10 கேள்விக்கு மேல் முந்தினால் அவருக்கு மட்டும் நேரத்தை 55 நிமிடமாகக் குறையுங்கள். அவருக்கும் சவால் கிடைக்கும், மற்றவர்களுக்கும் பந்தயம் உயிரோடு இருக்கும். யாராவது கேள்வியை முன்கூட்டியே கசியவிட்டால் கோபப்பட வேண்டாம். அடுத்த வாரம் அறிவிக்காமல் ஒரு பழைய வினாத்தாளைக் கொடுங்கள், உண்மை நிலவரம் வெளியே வந்துவிடும். பொறாமை வந்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பாடத்தில் அவர் முந்தும்போது உங்களுக்கு உறுத்துகிறதோ, அடுத்த மாதம் அந்தப் பாடத்துக்குக் கேள்வி எடுக்கும் பொறுப்பை நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது 75 கேள்வியை நிறுத்திவிட்டு, முழு 200-க்கு மாறுங்கள், 9.30 முதல் 12.30 வரை. கடைசி ஏழு நாளில் புதுத் தேர்வு எதுவும் வேண்டாம். நாலு பேரின் தவறு நோட்டுகளையும் மாற்றிக்கொண்டு, ஆளுக்கு ஒன்றரை நாள் வீதம் அடுத்தவர் தவறுகளைப் படியுங்கள்.