எக்செல் மேக்ரோவில் கலத்தின் தரவு வகையை அறிய

எக்செல் மேக்ரோவில் ஒரு கலத்தில் இருப்பது எண்ணா, எழுத்தா, தேதியா என்று அறிய இஸ்நியூமெரிக் (IsNumeric) செயற்கூற்றை நம்பாமல், அக்கலத்தின் மதிப்பைத் தரும் ‘வேல்யூ’வை (Value), தரவு வகையின் பெயரைச் சொல்லும் டைப்நேம் (TypeName) செயற்கூற்றுக்குக் கொடுத்துப் பாருங்கள். மதிப்பை எண்ணாக மாற்ற முடியுமா என்று மட்டுமே இஸ்நியூமெரிக் பார்ப்பதால், எழுத்தாகப் பதிவான 00452 என்ற குறியீட்டுக்கும், ஏன், வெற்றுக் கலத்துக்கும்கூட ‘ட்ரூ’ (ஆம்) என்றே விடை தந்துவிடும். டைப்நேமோ முதலாவதை ‘ஸ்ட்ரிங்’ (எழுத்துச் சரம்) என்றும், அடுத்ததை ‘எம்ப்டி’ (காலி) என்றும், உண்மையான எண்ணைப் பெரும்பாலும் ‘டபுள்’ (எண் வகைகளில் ஒன்று) என்றும் பிரித்துக் காட்டும். கலத்தின் மதிப்பைப் பெறும் இன்னொரு வழியான ‘வேல்யூ2’ (Value2) தேதியையும் வெறும் எண்ணாகவே தருவதால் இங்கே அதைத் தவிர்க்க வேண்டும். பல கலங்களை ஒன்றாகக் கொடுத்தால் இம்முறை பயன்படாது. ஒவ்வொரு கலமாகவே சோதிக்க வேண்டும். வெற்றுச் சரத்தைத் தரும் சூத்திரம் உள்ள கலம், பார்வைக்குக் காலியாக இருந்தாலும், ‘ஸ்ட்ரிங்’ என்றே வரும்.