எஸ்பிசி-யில் லைசென்ஸ் தீர்ந்தது வரைபடத்தில் தெரியவில்லை

திங்கட்கிழமை பத்து மணி ஆனால் போதும், எங்கள் கால் சென்டரில் புது அழைப்புகள் போகாது. லைன் தருபவர்களோ தங்கள் பக்கம் எல்லாம் சரி என்றார்கள், எஸ்பிசி-யின் (எங்கள் நெட்வொர்க்கின் எல்லையில் நின்று இணைய வழி அழைப்புகளைக் கட்டுப்படுத்தும் பெட்டி) திரையிலும் லைசென்ஸ் (ஒரே நேரத்தில் நடக்கும் ஒவ்வொரு அழைப்புக்கும் ஒன்று வேண்டும்) பயன்பாடு பாதியைச் சுற்றித்தான் நின்றது. எஸ்ஐபி ட்ரேஸ், அதாவது அழைப்பை நடத்தும் செய்திகளின் பதிவை எடுத்துப் பார்த்தால், அழைப்பைத் தொடங்கும் 'இன்வைட்' செய்தி வந்ததுமே 503, அதாவது 'சேவை இல்லை' என்ற பதில் திரும்புகிறது, அதை அனுப்புவது வெளி லைன் இல்லை, நம்ம பெட்டியேதான்.

திரையில் இருந்தது ஐந்து நிமிடச் சராசரி. அரை நிமிடம் உச்சத்தைத் தொட்டு இறங்கினால் அதில் எங்கே தெரியும்? எஸ்என்எம்பி (சாதனங்களின் நிலையைக் கேட்டு வாங்கும் நெறிமுறை) வழியாக ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளில் 30 வினாடிக்கு ஒருமுறை பயன்பாட்டில் உள்ள செஷன் (நடக்கும் அழைப்பு), மொத்த லைசென்ஸ், மறுக்கப்பட்ட அழைப்பு மூன்றையும் எடுக்க வைத்தேன். மொத்தத்தையும் எடுங்கள், தற்காலிக லைசென்ஸ் காலாவதியானால் அது சத்தமில்லாமல் குறைந்துவிடும். எச்சரிக்கை 80 சதவீதத்தில்.

அப்புறம்தான் விஷயமே. யாருமே பேசாத இரவு இரண்டு மணிக்கும் எண்ணிக்கை பூஜ்யத்துக்கு இறங்கவில்லை! துண்டிக்கச் சொல்லும் 'பை' செய்தி வழியில் தொலைந்த அழைப்புகள், செத்த பிறகும் ஆளுக்கொரு லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. செஷன் டைமரை, அதாவது அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்த்து, இல்லாவிட்டால் முடித்துவிடும் வசதியை (ஆர்எஃப்சி 4028 என்ற தரநிலையில் உள்ளது), 1800 வினாடிக்கு இயக்கியதும் இரவில் கோடு தரைக்கு வந்தது, திங்கட்கிழமை 503-ம் நின்றது. கூடுதல் லைசென்ஸுக்குப் போட்டிருந்த கொள்முதல் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம்.