நாகர்கோவிலிலிருந்து விமானி ஆக: பணம் கட்டும் முன்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பக்கத்தில் இருப்பது திருவனந்தபுரம். அங்கே விமானிப் பயிற்சி தரும் ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் முதல் வேலை மருத்துவப் பரிசோதனைதான். டிஜிசிஏ (விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 என்ற ஆரம்பநிலை மருத்துவப் பரிசோதனையை முடித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் பரவாயில்லை, நிறம் பிரித்தறிவதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.

அடுத்தது டிஜிசிஏவிடம் கம்ப்யூட்டர் எண், அதாவது அதன் தேர்வுகளை எழுதத் தேவையான பதிவு எண். நம்மூர்க்காரர்களுக்கு இங்கேதான் வில்லங்கம்: மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, ஆதாரில் வேறு மாதிரி. விண்ணப்பிக்கும் முன்பே மூன்றையும் ஒன்றாக்குங்கள்.

மாணவர் உரிமத்துக்கு 16 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பொழுதுபோக்குக்குப் பறக்க பிபிஎல் (தனியார் விமானி உரிமம்): 17 வயது, குறைந்தது 40 மணி நேரம். வேலைக்கு சிபிஎல் (வணிக விமானி உரிமம்): 18 வயது, 200 மணி நேரம், இன்னும் கடுமையான கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனை. வழிசெலுத்தல், வானிலை, விதிமுறைத் தாள்களில் 70 சதவீதம் எடுத்தால்தான் பாஸ். வீட்டிலிருந்தே படித்து முடித்துவிடலாம். விடுதி வாடகை மிச்சம்.

பயிற்சி தரும் கிளப்பில் எத்தனை விமானம் என்று கேட்காதீர்கள், இன்று எத்தனை பறக்கிறது என்று கேளுங்கள். போன மாதம் ஒரு மாணவருக்கு எத்தனை மணி நேரம் கிடைத்தது என்பதைப் பழைய மாணவர்களிடமே விசாரியுங்கள். இரண்டு பருவமழையும் இந்தப் பக்கம் பயிற்சியை இழுத்தடிக்கும். அதனால் மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கட்டாமல், பறந்த மணிக்கணக்குக்கு ஏற்பத் தவணையாகக் கொடுக்க எழுத்தில் வாங்குங்கள்.