ரத்தச்சோகை உள்ளவர்கள் மூன்று மாதச் சர்க்கரை அறிக்கையைப் படிக்கும் முறை

ஹெச்பிஏ1சி பரிசோதனை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதையே அளக்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும் என்ற கணக்கை வைத்தே அது மூன்று மாதச் சராசரியாகக் கொள்ளப்படுகிறது. ரத்த நோய் உள்ளவர்களிடம் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் பிழைக்கிறது.

எனவே அறிக்கை கைக்கு வந்ததும், சிவப்பணுக்களின் ஆயுள் குறைந்திருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சிவப்பணுக்கள் விரைவில் சிதையும் சோகையிலும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்டின் ஊசி போட்டுக்கொள்ளும்போதும், சர்க்கரை ஒட்டுவதற்குப் போதிய காலம் கிடைக்காததால் முடிவு உண்மையைவிடக் குறைவாக வரும். இரும்புச்சத்துக் குறைபாட்டிலும், மண்ணீரல் அகற்றப்பட்டவர்களிடமும் அது கூடுதலாகக் காட்டும். பெற்றோர் இருவரிடமிருந்தும் அரிவாள் செல் மரபணுவைப் பெற்றவரிடம் இயல்பான ஹீமோகுளோபின் ஏ உருவாவதே இல்லை என்பதால், இந்தப் பரிசோதனையே அவருக்குப் பொருந்தாது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் மரபணு 1952-லேயே பதிவாகியிருப்பதால், அங்குள்ளவர்கள் இதைக் குறிப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து, வீட்டில் எடுத்த அளவுகளோடு ஒப்பிட வேண்டும். 7 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154 மி.கி. இருக்க வேண்டும், குறிப்பேட்டில் 200-ஐ ஒட்டிய எண்களே நிறைந்திருந்தால் ஏதோ ஒன்று தவறு. ஆனால் இங்கும் ஒரு சிக்கல் உண்டு: ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம் குறைந்தவர்களுக்குக் குளுக்கோமீட்டர் பலவும் சர்க்கரையைக் கூட்டிக் காட்டும். இரும்புச்சத்துக் குறைந்தவரிடம் இரண்டும் ஒரே திசையில் பிழைத்து, ஒன்றையொன்று உறுதிப்படுத்துவதுபோல் தோன்றக்கூடும்.

ஆகவே நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, அதன் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் செய்யும் பரிசோதனையையே அடிப்படையாகக் கொள்வது நல்லது. வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200 ஆகியவை நீரிழிவின் எல்லைகள். தொடர் கண்காணிப்புக்கு, ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளந்து கடந்த இரண்டு மூன்று வாரங்களின் நிலையைக் காட்டும் ஃப்ரக்டோசமைன் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்கலாம். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைந்தவர்களுக்கு அதுவும் சரிவராது. வெள்ளணுக்கள் மிகவும் பெருகிய ரத்தப் புற்றுநோயில், குழாயில் காத்திருக்கும் ரத்தத்தின் சர்க்கரையை அவ்வணுக்களே தீர்த்துவிடும் என்பதால், பிளாஸ்மாவை உடனே பிரிக்கும்படி ஆய்வகத்தில் சொல்ல வேண்டும்.

ரத்தம் ஏற்றிய தேதியைப் பரிசோதனைச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். கொடையாளரின் சிவப்பணுக்களும் கலந்திருக்கும் என்பதால், ஏற்றி மூன்று மாதம் ஆகும்வரை ஹெச்பிஏ1சி-யை நம்பி மாத்திரை அளவை மாற்றக் கூடாது. பரம்பரை ரத்த நோயான தலசீமியாவுக்காகத் தொடர்ந்து ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கோ அந்த இடைவெளியே கிடைப்பதில்லை என்பதால், அவர்கள் எப்போதும் மாற்றுப் பரிசோதனைகளையே சார்ந்திருக்க வேண்டும்.