காது சுடுவது நின்ற கதை

அலுவலகக் கூட்டத்தில் போன வருடக் கணக்கை இந்த வருடக் கணக்கென்று வாசித்துவிட்டேன். யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து படுத்தால் போதும், காது மடல் சுடும், அந்தச் சிரிப்பு கேட்கும். பதினொரு நாள் இப்படியே போனது.

"எல்லோரும் மறந்திருப்பார்கள்" என்று எனக்கு நானே வாதாடினேன். மூளை ஒப்புக்கொண்டது, காது ஒப்புக்கொள்ளவில்லை. கைபேசியை நோண்டியதில் தூக்கம்தான் கெட்டது.

அப்புறம், பால் கில்பர்ட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் உருவாக்கிய கருணை சார்ந்த சிகிச்சையில் வரும் கற்பனைப் பயிற்சியைச் செய்தேன். நம்மிடம் பரிவு காட்டும் ஒருவரை மனதில் வரவழைக்க வேண்டும். நான் அம்மாவை வரவழைத்தேன். அங்கேதான் தப்பு. இரண்டே நிமிடத்தில், "ஒரு தடவை சரிபார்த்திருக்கலாம்ல?" என்று ஆரம்பித்துவிட்டார். நிஜ மனிதர்கள் வந்தால் பழைய பாக்கியும் கூடவே வரும்.

மனிதராகவே இருக்க வேண்டியதில்லை. மரம், விலங்கு, கடல் எதுவானாலும் சரி. ஒரு கிழ யானையை எடுத்துக்கொண்டேன். முழு உருவம் கடைசிவரை வரவில்லை. காது அசைவதும் கனத்த மூச்சுச் சத்தமும்தான். அதுவே போதும், படம் தெளிவாக இருப்பதைவிட அதன் இதம் நம்மை எட்டுவதுதான் முக்கியம்.

இன்னொன்று, வரிசை. நான் முதலில் கூட்டத்தை நினைத்து, பதறிய பிறகு யானையைத் தேடிக்கொண்டிருந்தேன். மாற்றினேன்: மூச்சை மெதுவாக்கி, தாடையைத் தளர்த்தி, யானை பக்கத்தில் வந்து நின்ற பிறகே கூட்டம். ஆறாவது இரவு கூட்டம்வரை போகவே இல்லை, தூங்கிவிட்டேன்.