ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழ் கைக்கு வருவதற்கு முன்

பெங்களூரை ஒட்டிய நெலமங்கலா, ஹொஸ்கோட்டே பக்கத்துக் கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட் (சரக்கைத் தூக்கி நகர்த்தும் வண்டி) பயிற்சி கன்னடத்திலோ இந்தியிலோ நடந்தால், புரியாததைத் தமிழில் கேட்டுத் தெளியுங்கள். தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறாதீர்கள். அரை நாள் வகுப்பும் ஒரு தாளும் பயிற்சி ஆகாது. வகுப்பு முடிந்து, பயிற்றுநர் பார்க்க ஓட்டிப் பழகி, நீங்கள் வேலை செய்யும் தரையிலேயே தேர்வு நடக்க வேண்டும். கவுண்டர்பேலன்ஸ் வண்டியில் (பின்பக்க எடையால் சரக்கைச் சமன் செய்யும் சாதாரண வகை) தேறியவர் ரீச் டிரக்குக்கு (குறுகிய சந்துகளில் உயர அடுக்கும் வகை) தனியாகப் பழக வேண்டும். 3 ஆண்டுக்கு ஒருமுறை மறுதேர்வு என்பது அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி. இங்கும் அதைப் பிடித்துக்கொள்வது நல்லது. விபத்து நூலிழையில் தப்பியிருந்தால் உடனே மறுபயிற்சி.

முதலில் படிக்க வேண்டியது வண்டியில் உள்ள கொள்ளளவுத் தகடு. '2,000 கிலோ, 500 மி.மீ.' என்றால், சரக்கின் எடை மையம் ஃபோர்க்கின் (சரக்கைத் தாங்கும் இரும்புக் கரங்கள்) செங்குத்து முகப்பிலிருந்து 500 மி.மீ.க்குள் இருக்கும்வரைதான் 2,000 கிலோ. ஃபோர்க் நீளவாக்கில் 1,200 மி.மீ. உள்ள பேலட்டில் (சரக்கு அடுக்கும் பலகைத் தட்டு) சீராக அடுக்கிய சரக்கின் மையம் 600-க்குப் போய்விடும். அதே எடை இப்போது அதிகம். உயரத் தூக்கினாலும், கூடுதல் கருவி மாட்டினாலும் கொள்ளளவு இன்னும் குறையும். முன் அச்சுதான் தராசின் நடுத்தாங்கி: சரக்கு கனத்தால் பின் சக்கரம் தரையை விடும், திருப்புவதும் அந்தச் சக்கரமே. இதைச் சமாளிக்க ஆளைப் பின்னால் ஏற்றி நிறுத்தும் பழக்கம் கொலைக்குச் சமம். சரக்கை இரண்டாகப் பிரியுங்கள்.

ஷிப்ட் தொடங்கும்போது பிரேக், ஹாரன், டயர், செயின், ஹைட்ராலிக் கசிவு பாருங்கள். ஃபோர்க் வளையும் இடத்தில் தடிமன் 10 சதவீதம் தேய்ந்திருந்தால், அதாவது 40 மி.மீ. 36 ஆகியிருந்தால், கழற்றச் சொல்லுங்கள்.

ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15 முதல் 20 செ.மீ., மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம்) பின்சாய்வு. சரக்கு பார்வையை மறைத்தால் ரிவர்ஸில் போங்கள். ராம்ப்பில் ஏறினாலும் இறங்கினாலும் சரக்கு மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அங்கே திருப்பவே கூடாது.

உட்கார்ந்து ஓட்டும் வண்டி சாய்ந்தால் குதிக்காதீர்கள். குதிப்பவர் மேல்தான் கூரைச் சட்டம் விழுகிறது. ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிராக உடம்பைச் சாயுங்கள். சீட் பெல்ட் அதற்குத்தான்.

இறங்குமுன் ஃபோர்க் தரையில், கியர் நியூட்ரலில், பார்க்கிங் பிரேக் போட்டபடி, சாவி உங்கள் கையில். வண்டியிலேயே சாவியை விட்டவரைத் தேர்வாளர் தேற விடக் கூடாது. அடுத்து ஏறுபவர் பயிற்சியே இல்லாதவராக இருக்கலாம்.